வெள்ளைச் சேலையில் மஞ்சள்

அவள் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வருடமும் கொஞ்ச நாளும் இருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவதை விரும்பாத பிள்ளை அது. எங்கள் ஊரில் அது அளவுக்கு மேல் அடிபட்டும் விட்டது. இனி நானும் அதைச் செய்ய வேண்டாம்.

சுங்கத்தில் ஆகக் கீழ்ப்படியில் உள்ள வேலை. பயிற்சி முடிந்ததும் முதல் இடமாக மன்னார்த் தீவில் போட்டிருந்தார்கள். பரந்தன் பக்கத்து வயல்கார ஊர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாயும், படித்துக்கொண்டிருக்கிற இரண்டு தம்பிமாரும். அந்த வேலைதான் அந்த வீட்டின் கூரை. ஆனால் வேலை இன்னும் உறுதியாகவில்லை. தகுதிகாண் காலம் முடிந்து, மேலிடத்தில் நல்லபடி எழுதினால்தான் நிரந்தரம். இதை வந்த அன்றே என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். வாடகை பிந்தினால் காரணம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

ஒரு பயணப் பையோடும் ஒரு தலையணையோடும் வாசலில் வந்து நின்றாள். “வாங்கோ பிள்ளை, உங்கட வீடு மாதிரி இருங்கோ” என்றாள் மனைவி. அவள் உள்ளே வராமல், “குறை நினைக்காதேங்கோ அன்ரி, சப்பாத்தை எங்க கழட்டுறது?” என்று கேட்டாள்.

அன்று தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் அள்ள முன்னம் குறை நினைக்காதேங்கோ. காற்றாடியைப் போட முன்னம் குறை நினைக்காதேங்கோ. சோற்றில் இரண்டாம் தரம் கைவைக்க முன்னம் அதே சொல். “இந்தப் பிள்ளை மோட்சத்துக்குப் போனாலும், வாசல்ல நிக்கிற சம்மனசிட்டக் குறை நினைக்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகும்” என்று மனைவி சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். அடுத்தவன் பைக்குள் கையை விடுகிற வேலை.

தன் வெட்கம் அவளுக்குப் பெரிதில்லை. இன்னொருவர் வெட்கப்படுவதைத்தான் அவளால் தாங்க முடியாது. ஒரு ஞாயிறு நான் காலைப் பூசைக்கு நடந்து போனேன். அவள் கடமைக்குப் போவதற்காக எனக்குப் பின்னால் வந்தாள். வழக்கமாக முன்னால் விறுவிறு என்று போகிறவள், அன்று கோயில் வாசல் மட்டும் எனக்கு ஒட்டினாற்போல வந்தாள், குடையை என் முதுகுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. வெயிலுக்கு என்று நினைத்தேன். வாசலில் முன்னமே வந்து நின்ற என் மனைவியின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் சேர்ட் முதுகில் ஒரு முழம் கிழிந்திருந்ததாம். “அங்கிளிட்டச் சொல்லாதேங்கோ, கூச்சப்படுவார்” என்று சொன்னாளாம்.

அவள் சைவம். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகமாட்டாள். ஆனால் நாங்கள் பின்னேரம் செபமாலை சொல்லும்போது பாயின் ஓரத்தில் வந்து இருப்பாள். நான் மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ்வாடியில் வேலை செய்கிறவன். விடியப் போய் உடம்பு முறிந்து வருவதால் செபத்தில் கண் சொக்கிவிடும். சொன்ன தேவரகசியத்தையே திரும்பச் சொல்லத் தொடங்குவேன். அவள் மெல்லச் செருமுவாள். நான் திருத்திக்கொள்வேன். வேறு ஆருக்கும் விளங்காது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் செபத்தில் வழி காட்டியது ஒரு சைவப் பிள்ளையின் செருமல் என்று பாதரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பிள்ளைக்கு இருமல் மாறாமல் இருக்கட்டும்” என்றார்.

தலைமன்னாரிலிருந்து மன்னார் டவுனுக்குப் போகும் தெருவில் அவர்களுடைய சோதனைச் சாவடி. அந்த நாட்களில் அங்கே இருந்தது நான்கு தூணும் தகரக் கூரையும்தான். பஸ்ஸை நிறுத்துவார்கள், ஆட்களை இறக்குவார்கள், பைகளை மேசையில் கொட்டுவார்கள். பெண்களைத் தடவிப் பார்ப்பதற்குப் பெண் உத்தியோகத்தர். அதற்காகத்தான் இவளைப் போட்டது. நாலு பக்கமும் திறந்த இடத்தில் ஒரு பெண்ணின் இடுப்பில் கைவைக்க அவளால் முடியவில்லை. இரண்டாம் நாளே தன் கட்டிலில் விரித்திருந்த பெட்சீற்றை எடுத்துக்கொண்டு போய், இரண்டு தூணுக்கு இடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். நீலப் பூப்போட்ட பெட்சீற். “குறை நினைக்காதேங்கோ அம்மா” என்று ஒவ்வொருத்தியையும் அதற்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாளாம். பார்வையைத் தோளுக்கு மேலால் விட்டுக்கொண்டுதான் கை போகுமாம். பஸ்ஸில் போய்வந்த பெண்கள் சொல்வார்கள்.

கிழமைக்கு ஒருதரம் அந்தப் பெட்சீற்றைத் துவைத்து எங்கள் வளவில் காயப் போடுவாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னக்கா, சுங்கத்துக் கொடி ஏத்தியாச்சோ?” என்று கேட்பாள். சின்னப் பிள்ளைகள் அவளைக் கண்டால், “குறை நினைக்காதேங்கோ, குறை நினைக்காதேங்கோ” என்று பின்னால் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவள் திரும்பிப் பார்த்து, அவர்கள் ஓடித் தடக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயந்து நிற்பாள்.

எல்லாரும் அவளோடு பகிடிதான் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அவளை வீட்டில் வைத்த பிறகு வேலிக்கு மேலால் எங்களுக்கு வந்த மீன் நின்றது. நாங்கள் தெருவில் போனால் முன்னால் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். காரணம் மஞ்சள்.

அந்தக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு மஞ்சளை அரசாங்கம் நிறுத்திவிட்டது. கடையில் மஞ்சள் இல்லை. இருந்தாலும் தொட முடியாத விலை. எங்களுக்கோ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இந்தியாக் கரை. நடுக்கடலில் படகு படகாகக் கை மாறியது. கஞ்சாவோ தங்கமோ என்றால் எங்கள் சனம் பயப்படும், பாவம் என்றும் சொல்லும். மஞ்சளை ஆரும் பாவம் என்று நினைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் சொதி வெள்ளையாகவே இருந்தது. அவள் இருக்கிற வீட்டில் வேறு மாதிரி வைக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. “பாலைக் குடிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று நான் சொன்னால், “பாரை மீனுக்குக் கண் தெரியாது, பேசாமச் சாப்பிடுங்கோ” என்பாள்.

ஒருதரம் பிடிபட்ட மஞ்சள் மூட்டைகளை நீதிமன்ற உத்தரவுப்படி கடற்கரையில் குவித்து எரித்தார்கள். ஊரே போய் நின்றது. வறுத்த மஞ்சளின் வாசம் காற்றோடு வந்து வீடுகளுக்குள் நிறைந்தது. பசி எடுக்கிற வாசம். பெண்கள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி, “திருநாள் அன்னதானத்துக்குக் காணும் இது, எல்லாம் பூதத்துக்குப் படையல்” என்றாள். எரிக்கிறவர்களின் வரிசையில் இவளும் நின்றாள். வீட்டுக்கு வந்தபோது தலைமயிர் எல்லாம் அந்த வாசம். “அன்ரி, எல்லாரும் எங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை. நெருப்பையே பாத்தனான்” என்றாள். கண் சிவந்திருந்தது. புகைக்குத்தான் என்று வைத்துக்கொண்டோம்.

சுங்கத்தில் அவளுக்கு மேலே இருந்த பெரியவர் ஒருநாள் என்னைத் தெருவில் கண்டு நிறுத்தினார். மோசமான மனுசன் இல்லை. “உங்கட வீட்டுப் பிள்ளை நேர்மையான பிள்ளை. ஆனா இரக்கம் கூட. மற்ற ஆக்கள் கண்ணால பாத்துப் பிடிக்கினம். இவ கண்ணைப் பொத்திக்கொண்டு கையால தேடுறா. ஒரு வருசம் முடியப்போகுது, சொல்லும்படியா ஒண்டும் பிடிக்கேல்லை. நான் என்னத்தை எழுதுறது?” என்றார்.

நான் வீட்டில் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “முகத்தைப் பாத்தாத் தெரியும் எண்டு எனக்கும் சொன்னவர் அங்கிள். பாக்க வெளிக்கிட்டனான். பாத்தா எல்லாருமே பயந்துபோய்த்தான் நிக்கினம். களவு இருக்கிறவையும் பயம், இல்லாதவையும் பயம். பாத்து என்ன செய்யிறது?”

அதன் பிறகு என் மனைவி செபமாலை முடிவில் அவளுடைய வேலைக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் தனியாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பாள்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. அத்தான் இறந்து கனகாலம். எங்கள் கோயில் மாதா சபையில் மூத்தவள். சபைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையும் கழுத்தில் நீல நாடாவும் போட்டு வரிசையாக இருப்பார்கள். அந்த வரிசையின் முதல் ஆள் அக்கா. வாசகம் வாசிப்பாள், செத்த வீட்டில் ஒப்பாரியை நிறுத்திச் செபம் தொடங்குவாள். ஊரில் அவளுக்கு முன்னால் ஆண்களும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் இவளை “மகள்” என்பாள். இவள் அவளைப் “பெரியம்மா” என்பாள்.

தபசுகாலம், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நோன்பு நாட்கள். அக்காவின் மகள் கட்டிப் போயிருப்பது பாப்பாமோட்டையில். அங்கே பேரப்பிள்ளைக்கு உயிர்த்த ஞாயிறு கழிந்து முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். ஊர்ச் சாப்பாடு கொடுக்கப்போகிறார்கள். வீட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். அக்காவின் கடைசி மகன் கடலுக்குப் போகிறவன். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா உடுத்த சேலையோடு பஸ் ஏறினாள். அரைத்த மஞ்சளைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, துணியால் இடுப்பைச் சுற்றி வரிந்திருந்தாள். வேறு சேலை மாற்றாதது மறதியால் இல்லை. மாதாவின் உடுப்பில் இருக்கிற பெண்ணின் மேலே ஆர் கைவைப்பார்கள் என்ற நினைப்பு. இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனி வெயில். நெரிசல் பஸ். வேர்வையில் ஏதோ ஒரு பை கசிந்தது. கலர்ச் சேலையாக இருந்திருந்தால் ஆருக்கும் தெரிந்திராது. வெள்ளைச் சேலையின் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் ஊறி வந்தது. அக்காவுக்குத் தெரியாது.

சாவடியில் இறங்கி வரிசையில் நின்றபோது அதைக் கண்டது இவள் ஒருத்திதான். அன்று மற்றப் பெண் உத்தியோகத்தர் இன்னொரு வாகனத்தில் நின்றாள். பெண்ணைச் சோதிக்கும்போது இரண்டாவது ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். “பெரியம்மா, குறை நினைக்காதேங்கோ, இப்பிடி வாங்கோ” என்று தனியாகப் பெட்சீற்றுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை அக்கா இப்படித்தான் சொன்னாள். “விட்டிடு மகள் எண்டு கெஞ்சினனான் தம்பி. விடேல்லை. அழுதுகொண்டு அவிட்டவள். நான் அழேல்லை, அவள்தான் அழுதவள். எடுத்து முடிய, பெரியம்மா, பின்னுக்குச் சேலை பழுதாப்போச்சு, இதைச் சுத்திக்கொண்டு போங்கோ எண்டு அந்தப் பெட்சீற்றைக் கழட்டி என்ர இடுப்பில கட்டிவிட்டவள்.”

அந்தக் கரிசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பஸ்ஸில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மாதா சபையின் முதல் ஆள், இடுப்பில் நீலப் பூப் பெட்சீற்றோடு வெளியே வருகிறாள். ஏன் என்று ஆருக்கும் தெரியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். மேசையில் மஞ்சள் பைகளும் வந்துவிட்டன. “என்னக்கா, உங்களிட்டயுமே?” என்று ஒருத்தி கேட்டாளாம். அக்கா தன் வெறுங்கழுத்தில் கைவைத்து, “என்ர சங்கிலியைக் காணேல்லை. உள்ளுக்குப் போகேக்கை கிடந்தது. இவள்தான் எடுத்தவள்” என்றாள்.

அவ்வளவுதான். மஞ்சளை எல்லாரும் மறந்துபோனார்கள். ஒரு வருடமாக அவளிடம் பையைத் திறந்து காட்டியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மறைப்புக் கட்டினது இதுக்குத்தானே என்றார்கள். குறை நினைக்காதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லி எடுத்திருக்கிறாள் என்றார்கள்.

பின்னேரம் பெரியவர் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முறைப்பாடு வந்தால் பார்க்கத்தானே வேண்டும். அவளுடைய பையை முன்விறாந்தையில் கொண்டுவந்து பாயில் கொட்டினார்கள். இரண்டு உடுப்பு, உள்ளுடுப்புகள், திருநீற்றுப் பை, தாயின் படம், பாதி தின்ற பிஸ்கட் பெட்டி. வேலி நிறையத் தலைகள். என் மனைவி, “என்ன, இஞ்ச திருநாளே நடக்குது? போங்கோ எல்லாரும்” என்று கத்தினாள். ஆரும் போகவில்லை. நான் வேலிப் பக்கமாகப் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என் ஒரு ஆளின் உடம்பு எவ்வளவை மறைக்கும்? அவள் தூணோடு நின்று தன் உடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி கிடைக்கவில்லை. கிடைக்காதது அவள் எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகவும் இல்லை. “தங்கச்சி, நீர் தனியச் சோதிச்சது பெரிய பிழை” என்றார் பெரியவர். “எடுக்கேல்லை எண்டு எனக்கு மனசில தெரியும். ஆனா சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லை. சங்கிலி தெரியவராட்டி இது மேல போகும். போனால் உம்மட வேலை நிக்காது.”

அன்று இரவுச் சோற்றுக்கு மனைவி கூப்பிட்டபோது, “அன்ரி, நான் ரோட்டுக்கரைக் கடையில சாப்பிடுறன். நான் இஞ்ச இருந்து சாப்பிட்டா உங்களுக்குத்தான் கதை வரும்” என்றாள். மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாயில் இருத்தினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம் என்று பெயர்.

அக்கா பொய் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சங்கிலி பஸ் நெரிசலில் அறுந்திருக்கும், அக்கா தவறாக விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலைப் பூசை முடிய, எங்கே விழுந்திருக்கும் என்று விசாரிக்க அவள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா குசினியில் நின்றாள். நான் வழக்கம்போல முதலில் முன்கூடத்தில் இருக்கிற மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டேன். கையை நெஞ்சில் வைத்தபடியே நின்றுவிட்டேன். சங்கிலி மாதாவின் கழுத்தில் கிடந்தது.

அக்கா வந்து கதவடியில் நின்றாள். நான் திரும்பவில்லை.

“தபசுகாலம் முடியும் மட்டும் போடமாட்டன் எண்டு நேர்ந்தது தம்பி” என்றாள். “தபசு தொடங்கின விபூதிப் புதனண்டு கழட்டி மாதாக்குப் போட்டனான்.”

“நேற்றுக் கிடந்தது எண்டு சொன்னியள்.”

“எல்லாரும் பாத்தினம் தம்பி. ஏதாவது சொல்லவேணும் போல கிடந்தது. வாயில அதுதான் வந்தது.” பிறகு, “வீட்ட வந்து எடுத்து ஒளிக்கப் பாத்தனான். கை வைக்க ஏலாமப் போச்சு. உயிர்த்த ஞாயிறு மட்டும் எண்டு நேர்ந்திட்டன். நேர்த்தியை முறிக்கலாமே?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்களுடைய பக்தி முழுக்க அந்தச் சுரூபத்தின் கழுத்தில் தொங்குவதுபோல இருந்தது. மாதாவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் சோற்றைத் தட்டிவிடலாம் என்று எங்களுக்கு ஆர் படிப்பித்தது? அக்காவை மட்டும் சொல்ல ஏலாது. அந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

“வெளிக்கிடுங்கோ அக்கா. சுங்கக் கந்தோருக்குப் போவம்.”

“சபையில நான் பிறகு என்ன முகத்தோட போய் நிக்கிறது தம்பி?”

“அந்தப் பிள்ளை நேற்று என்ன முகத்தோட நிண்டது?”

அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். பழைய கத்தரிப்பூக் கலர்ச் சேலை.

கந்தோரில் அவள் ஒரு மூலை மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழும்பினாள். அக்கா பெரியவருக்கு முன்னால் நின்று, “ஐயா, சங்கிலி” என்று தொடங்கினாள். உடனே இவள் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனாள். அக்கா சொல்லி முடிக்கும் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தனக்கு விடுதலை கிடைக்கிற பேச்சை அவள் கேட்கவில்லை. அக்கா வெட்கப்படுவதைப் பார்க்கக்கூடாது என்பதுதான் அப்போதும் அவள் நினைப்பு.

பெரியவருக்கு விஷயம் விளங்க நேரம் எடுத்தது. “அப்ப சங்கிலி இப்பவும் வீட்டிலயோ? நான் வந்தாப் பாக்கலாமோ?”

“ஓம் ஐயா. மாதான்ர கழுத்தில கிடக்கு.”

“பொய் சொன்ன நீங்கள் அதை எடுத்து ஒளிக்கேல்லையே அம்மா?”

“நேர்த்தி ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

மஞ்சளுக்கு அக்கா தண்டம் கட்டினாள். முறைப்பாடு இல்லாமல் போய்விட்டது. வேலை போகவில்லை, ஆனால் முழுதாகத் தப்பவும் இல்லை. தனியாகச் சோதித்ததற்குக் கண்டிப்பு எழுதினார்கள். தகுதிகாண் காலத்தைக் கூட்டினார்கள். இடம் மாற்றமும் வந்தது. மறைப்புக் கட்டுவதென்றால் இனிக் கந்தோர் கட்டும், நீர் கட்டத் தேவையில்லை என்று பெரியவர் சொன்னாராம்.

போவதற்கு முந்திய கிழமைகளில் அவளில் ஒரு மாற்றம் தெரிந்தது. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒருநாள் குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“பிள்ளை இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. தண்ணியைத் தானே அள்ளுறாள். காத்தாடியைத் தானே போடுறாள். சோத்தைத் தானே போட்டுச் சாப்பிடுறாள்.”

“அதுக்கேன் அழுகை? வீட்டுப் பிள்ளை மாதிரி இரு எண்டு நீதானே ஒரு வருசமாச் சொன்னனீ?”

“ஓம், சொன்னனான்தான். இப்ப அப்பிடி இருக்கிறாள். எனக்குப் பிடிக்கேல்லை.”

பயணப் பையோடும் தலையணையோடும் அவள் பஸ் ஏறியபோது பக்கத்து வீட்டுக்காரியும் வந்து கை காட்டினாள். அக்கா வரவில்லை. பெட்சீற்றைத் துவைத்து, மடித்து, மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்ரி, நீங்கள் வைச்சிருங்கோ, எனக்கு இனி இது தேவைப்படாது” என்று கதிரையில் வைத்துவிட்டுப் போனாள்.

சில வருடம் கழித்து எங்கள் பங்கில் இருந்து வேளாங்கண்ணிக்கு யாத்திரை போனோம். மனைவிக்கு முழங்கால் வருத்தம், நான் மட்டும் போனேன். திரும்பி வந்து பலாலியில் விமானத்தால் இறங்கிப் பைகளோடு வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் அவள் நின்றாள். தோளில் ஒரு பட்டி கூடியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பெண் உத்தியோகத்தர். வேலை நிரந்தரமாகியிருக்கிறது என்று கண்டதும் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அது பொய்யில்லை.

என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து நேராக என் முகத்தைப் பார்த்தாள். கண்ணையும் வாயையும் நெற்றியையும் ஒழுங்காகப் பார்த்தாள். பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அங்கிள். அன்ரி சுகமோ?” என்றாள். கேட்கும்போதே கை என் பைக்குள் போய்விட்டது.

“சுகம் பிள்ளை. முழங்கால்தான் கொஞ்சம்.”

“எண்ணெய் பூசச் சொல்லுங்கோ.” சாரம், சேர்ட், எண்ணெய்ப் போத்தல், மெழுகுதிரிக் கட்டு எல்லாம் ஒன்றொன்றாக மேசைக்கு வந்தன. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் துவாயில் சுற்றியிருந்த மாதா சுரூபத்தை எடுத்து அவிழ்த்தாள். ஒரு முழ உயரம், சீமேந்தில் வார்த்தது.

“இது ஆருக்கு அங்கிள்?”

“அக்காவுக்கு.”

அவள் மரியாதையாகத்தான் இரண்டு கையாலும் பிடித்தாள். சுரூபத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். உள்ளே வெறுமையா, ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்க. இன்னொரு தரம் தட்டினாள். பிறகு துவாயில் முன்பு இருந்த மாதிரியே சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“சரி அங்கிள், போகலாம். பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.” பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, “அடுத்த ஆள் வாங்கோ” என்றாள்.

அவள் செய்ததில் பிழை இல்லை. மாதாவின் பெயரால் எங்கள் சனம் எதையும் கொண்டுவரும் என்பதை அவள் ஒரு கந்தோரிலும் படிக்கவில்லை, எங்களிடம்தான் படித்தாள். இருந்தும் பஸ்ஸில் வரும் வழி முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வந்தேன்.

அக்கா இப்போது மாதா சபைக்குப் போவதில்லை. கோயிலில் கடைசி வாங்கில் இருப்பாள். சுரூபத்தை வாங்கி முத்தமிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“சோதனையில ஒண்டும் சொல்லேல்லையே தம்பி?”

“இல்லை அக்கா. உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னவள்.”

ஆர் என்று அக்கா கேட்கவில்லை.